ஒரு மெழுகுவத்தி, ஒரு நோட்டு, தினம் பத்து நிமிடம்: விக்கா பயிற்சியின் முதல் மாதம்

விக்கா என்ற மேலைநாட்டு இயற்கை வழிபாட்டு மதத்தின் பக்கம் புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கறுப்பு அங்கி, கறுப்புக் கைப்பிடி போட்ட கத்தி, வெள்ளிக் கிண்ணம், கலர் கலராகக் கல், பெயர் தெரியாத மூலிகைகள். எல்லாவற்றையும் வாங்கிக் குவித்து, ஒரு பௌர்ணமிக்கு இரண்டு மணி நேரம் சடங்கு செய்வார். அடுத்த பௌர்ணமிக்குள் அத்தனையும் அட்டைப் பெட்டிக்குள் போயிருக்கும். பெரிய சடங்கு பழக்கத்தை உண்டாக்காது. தினம் பத்து நிமிடம் உட்காருவதும், அதை இரண்டு வரி எழுதி வைப்பதும்தான் உண்டாக்கும்.

அதனால் இந்த விளக்கம் ஒரு அமாவாசையில் தொடங்கி அடுத்த அமாவாசையில் முடிகிறது. ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். வளர்பிறை முதல் வாரத்தில் தியானம் மட்டும். இரண்டாம் வாரத்தில் பீடமும் மெழுகுவத்தியும். பௌர்ணமியில் மூலிகைப் புகையும் வட்டமும். தேய்பிறையில் முதல் ஸ்பெல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம்

பேகன் என்பது, கிறித்தவத்துக்கு முந்திய ஐரோப்பிய வழிபாடுகளைத் தழுவி எழுந்த வழிகளுக்கான குடைச்சொல். ட்ரூயிட், ஹீத்தன், ஹெலனிக் என்று பல வழிகள் அதன் கீழ் வரும். விக்கா அதில் ஒன்று. பழைய மதம் என்று பலர் சொன்னாலும், இன்று நாம் காணும் விக்கா இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருக்கொண்டது. அங்கே 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு, 1954-ல், விக்காவைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர் தன் நூலோடு வெளிப்படையாக வந்தார். அவரோடு சேர்ந்து சடங்கு வாசகங்களைத் திருத்தி எழுதியவர் டோரீன் வேலியன்டே. கார்ட்னர் மரபும் அதையொட்டி வந்த அலெக்சாண்ட்ரிய மரபும் தீட்சை பெற்றவர்களுக்கானவை. நூல் பார்த்துத் தனியாகச் செய்வதைத் தனிவழி விக்கா என்பார்கள். இங்கே சொல்வது அந்தத் தனிவழிக்கு.

ஸ்பெல் என்பதைத் தமிழில் 'மந்திரம்' என்று எழுதினால் உச்சாடனம் என்று ஆகிவிடுகிறது. 'சூனியம்' என்று எழுதினால் செய்வினை என்று ஆகிவிடுகிறது. இரண்டும் பொருந்தாது. ஒரு நோக்கத்தை வாயால் சொல்லி, கையால் ஒரு செயலைச் செய்து, அதில் மனத்தை ஊன்றுவதே ஸ்பெல். அதனால் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறோம்.

நோட்டு

பயிற்சியாளர்கள் இதை புக் ஆஃப் ஷேடோஸ் என்பார்கள். தோல் அட்டை வேண்டாம். அழகான நோட்டில் எழுதக் கை வராது, கெட்டுவிடும் என்று பயம் வரும். நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். தேதி, பிறை, நேரம், என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம், உடம்பு எப்படி இருந்தது: ஆறும் ஆறு சின்ன வரிகள். பக்கத்தின் கீழ்க் கால்பகுதியை வெறுமையாக விடுங்கள். அது மாதக் கடைசிக்கு.

அந்த வெற்றிடத்துக்குக் காரணம் உண்டு. நம் ஞாபகம் பலித்ததை வைத்துக்கொள்ளும், பலிக்காததைக் கழித்துவிடும். பத்துக் கனவில் ஒன்று நடந்தால் ஒன்பதும் மறந்துபோகும். அன்றன்றே எழுதிய பக்கம்தான் இதற்கு மாற்று.

முதல் வாரம்: உட்காருவது

நோட்டில் மூன்று நாள் பக்கத்தைப் புரட்டினாலே தெரியும், நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குக் கால் மரத்துப்போன புகார் இருக்காது. சம்மணம் போடுவது கட்டாயமில்லை. பாதம் முழுதும் தரையில் படுகிற உயரத்தில் நாற்காலி போடுங்கள். முதுகு சாயாமல், விறைக்காமல். செல்பேசியில் பத்து நிமிட அலாரம், மெல்லிய ஒலி. பிறகு அதைக் கவிழ்த்து வையுங்கள்.

1. முதல் ஒரு நிமிடம் மூச்சை மாற்றாதீர்கள். எப்படி வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

2. பிறகு நான்கு எண்ணிக்கைக்கு மூக்கால் இழுத்து, ஆறு எண்ணிக்கைக்கு வெளியே விடுங்கள். நடுவில் மூச்சை அடக்க வேண்டாம். இப்படி இருபது முறை.

3. கவனத்தைப் பாதத்துக்கு இறக்குங்கள். குதிகால், விரல் மடிப்பு, தரையின் குளிர்ச்சி. பாதத்திலிருந்து வேர் இறங்குவதாக நினையுங்கள்: தரை, அதன் கீழ் மண், அதன் கீழ் பாறை. விடும் மூச்சில் வேர் இறங்குகிறது, இழுக்கும் மூச்சில் மண்ணின் கனம் மேலே ஏறுகிறது. இதைத்தான் கிரவுண்டிங் என்கிறார்கள். தரையூன்றல் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு நிமிடம்.

4. அலாரம் அடித்ததும் சட்டென்று எழாதீர்கள். கை விரலை மடக்கி நீட்டி, அறையில் இருக்கும் மூன்று பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, பிறகு நோட்டை எடுங்கள்.

என்னென்ன தவறும்? தலை சுற்றினாலும் விரல் நுனி சுரீர் என்றாலும் சக்தி ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சை அளவுக்கு மிஞ்சி ஆழமாக இழுக்கிறீர்கள், இரத்தத்தில் கரியமில வாயு குறைந்திருக்கிறது. எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பான மூச்சுக்குத் திரும்பினால் ஓரிரு நிமிடத்தில் சரியாகும். தூக்கம் சொக்கினால் கண்ணைப் பாதி திறந்து, ஒரு மீட்டர் தள்ளித் தரையைப் பாருங்கள். சாப்பிட்ட உடனே உட்காருவதையும் நிறுத்துங்கள். மனம் அலைவது தவறே இல்லை. அலைந்ததைக் கண்டுபிடித்துத் திரும்பி வருவதுதான் பயிற்சி. பத்து நிமிடத்தில் நாற்பது முறை திரும்பி வந்தால் நாற்பது முறை பயிற்சி செய்ததாகக் கணக்கு.

சிலருக்குக் கண்ணை மூடினால் படமே வராது. வேரும் தெரியாது, மரமும் தெரியாது. பிறவியிலேயே அப்படி இருப்பவர்கள் உண்டு, அது குறையில்லை. அவர்கள் உள்ளங்கை அளவு கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் கனம் கை வழியே தோளுக்கு, தோள் வழியே இடுப்புக்கு, பாதத்துக்கு இறங்குவதை உணர்ந்தால் போதும். படத்தைவிடத் தொடுகை சிலருக்கு வேகமாக வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. கண்ணை மூடி உட்கார்ந்தால் பழைய அதிர்ச்சி நினைவுகள் பொங்கி வருகிறவர்கள், குரல் கேட்பது போன்ற தொந்தரவுக்கு மருந்து எடுப்பவர்கள், கண் திறந்தபடி மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். சிகிச்சை தருபவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். எந்த மூலிகையும் எந்தச் சடங்கும் மருந்தை நிறுத்தக் காரணமாகாது.

இரண்டாம் வாரம்: பீடமும் சுடரும்

பீடம் என்றால் ஒரு தட்டு வைக்க இடம். ஜன்னல் திண்டு, அலமாரியின் ஒரு தட்டு, மேஜை மூலை. நான்கு பூதங்களுக்கும் ஒவ்வொன்று: நிலத்துக்குக் கல் அல்லது உப்பு, வடக்கில், காற்றுக்கு இறகு அல்லது ஊதுவத்தி, கிழக்கில், நெருப்புக்கு மெழுகுவத்தி, தெற்கில், நீருக்குக் கிண்ணத் தண்ணீர், மேற்கில். இந்தத் திசைகள் வட கோளத்தில் உருவான மரபு. பூமத்தியரேகைக்குத் தெற்கே வாழ்பவர்கள் பலர் நெருப்பை வடக்குக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே வெயில் அந்தப் பக்கம்தானே. ஐந்தாவது பூதமான ஆவிக்கு (ஸ்பிரிட்) தனிப் பொருள் இல்லை. அதற்கு நீங்கள்.

அத்தாமே என்ற சடங்குக் கத்தி, கோல், கோப்பை, ஐந்துமுனை நட்சத்திரம் பொறித்த தட்டு எல்லாம் மரபில் உண்டு. முதல் மாதத்துக்கு ஆள்காட்டி விரலே கோலின் வேலையைச் செய்யும். தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். பீடத்தில் மூன்று நாள் தண்ணீர் தேங்கினால், அந்தப் பக்கம் பயிற்சி நின்றுபோனது என்று பொருள்.

மெழுகுவத்தியைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். வீட்டுக்குள் செய்யும் சடங்கில் பெரிய ஆபத்து அதுதான். திரியை 6 மில்லிமீட்டருக்கு நறுக்குங்கள்; நீண்ட திரி கரும்புகையும் துள்ளும் சுடரும் தரும். உலோகம் அல்லது பீங்கான் தட்டின் மேல், தட்டில் ஒரு விரல் கனத்துக்கு மணல். திரைச்சீலை, நோட்டு, தொங்கும் இறகு எல்லாம் 30 சென்டிமீட்டருக்கு அப்பால். அறையை விட்டுப் போகிறீர்களா, அணையுங்கள். 'ஸ்பெல் மெழுகுவத்தியை நடுவில் அணைத்தால் பலன் போய்விடும்' என்பது வீட்டைக் கொளுத்தும் அறிவுரை. அணைத்துவிட்டு மறுநாள் அதே சொற்களைச் சொல்லி மீண்டும் ஏற்றலாம். ஊதினால் உருகிய மெழுகு தெறிக்கும். சின்ன மூடி ஒன்றால் கவிழ்த்து அணைப்பது நல்லது.

இன்னொன்று. உருளையான மெழுகுவத்தியில் எண்ணெய் தடவி உலர்ந்த மூலிகையில் உருட்டி எடுக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு. பற்றவைத்து இருபது நிமிடம் கழித்துச் சுடர் கீழே இறங்கும்போது ஒவ்வோர் இலைத் துணுக்கும் தனித் திரியாகிப் பக்கவாட்டில் எரியத் தொடங்கும். மெழுகு ஒரு பக்கமாகச் சரிந்து வழியும். மூலிகை வேண்டுமானால் தட்டில், அடியிலிருந்து நான்கு விரல் தள்ளித் தூவுங்கள். எண்ணெய் ஒரே சொட்டு, திரிக்கு ஒரு அங்குலம் கீழே.

இந்த வாரத் தியானம் அதே பத்து நிமிடம்தான். நான்காம் நிமிடத்துக்குப் பிறகு கண்ணைத் திறந்து சுடரின் அடியில் இருக்கும் நீலத்தைப் பாருங்கள். கண் எரிந்தால் சிமிட்டுங்கள். சிமிட்டாமல் பார்க்கும் போட்டி இல்லை இது.

மூலிகை: குறைவாக, சரியாக

தொடங்குகிறவருக்கு நான்கு போதும். ரோஸ்மேரி தூய்மைக்கும் நினைவுக்கும், லாவெண்டர் அமைதிக்கும் தூக்கத்துக்கும், சீமைச் சாமந்தி என்ற கெமோமில் தணிவுக்கு, புதினா தெளிவுக்கு. இவை மரபில் சொல்லும் குறியீட்டுப் பொருள்கள், வைத்தியக் குறிப்புகள் அல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதுதான் மூலிகை விஷயத்தில் எல்லாத் தொல்லைக்கும் வேர்.

வாங்கும்போது தாவரவியல் பெயரைப் பாருங்கள். சேஜ் என்ற பெயரில் பல செடிகள் விற்கின்றன. சமையலுக்கான சேஜ் வேறு, வெள்ளை சேஜ் வேறு. வெள்ளை சேஜ் தென் கலிபோர்னியாவிலும் அதையொட்டிய பாஹா கலிபோர்னியாவிலும் மட்டும் இயற்கையாக வளர்வது. சந்தைக்காகக் காட்டிலிருந்து திருட்டுத்தனமாக வெட்டப்படுகிறது. வட அமெரிக்கப் பழங்குடியினருக்கு அது புனிதச் செடி. அவர்கள் செய்யும் ஸ்மட்ஜிங் என்ற புகைச் சடங்கு அவர்களுடையது. நாம் செய்வதைப் புகையிடுதல் என்று சொல்வோம். அதற்கு ரோஸ்மேரி தாராளம்.

உலர்த்துவது எப்படி? காலையில் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் வெட்டுங்கள். மணம் தரும் எண்ணெய் அப்போது இலையில் நன்றாக இருக்கும். ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஆறேழு தண்டுகளைக் கட்டி, தலைகீழாக, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஒன்று முதல் மூன்று வாரம். இலை கையில் நொறுங்க வேண்டும், வளையக்கூடாது. அதிலும் ஒரு சோதனை இருக்கிறது: கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி ஒரு நாள் வையுங்கள். கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய பனி படிந்தால் ஈரம் பாக்கி இருக்கிறது, திரும்பத் தொங்கவிடுங்கள். இந்த ஒரு நாளைப் பொறுக்காதவர்களின் புட்டியில்தான் இரண்டே வாரத்தில் சாம்பல் பூஞ்சை பூக்கும். பூத்ததை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது, முழுதும் குப்பைக்கு.

தலையணைப் பை செய்ய: உள்ளங்கை அளவு பருத்தித் துணிப் பை, இரண்டு மேசைக்கரண்டி லாவெண்டர், ஒரு மேசைக்கரண்டி கெமோமில், ஒரு தேக்கரண்டி ரோஸ்மேரி. ரோஸ்மேரியைக் கூட்டாதீர்கள், அதன் காரமான மணம் தூக்கத்தைக் கலைக்கும். தைக்கும்போது நோக்கத்தை ஒரு வரியாகச் சொல்லித் தையுங்கள். மூன்று மாதத்தில் மணம் போய்விடும், உள்ளிருப்பை மாற்றுங்கள்.

புதினாத் தேநீருக்கு ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலை, 200 முதல் 250 மில்லி கொதிநீர், மூடி போட்டு ஐந்து முதல் பத்து நிமிடம். மூடாவிட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா அதைக் கூட்டும். கெமோமில், சாமந்திக் குடும்பச் செடிகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் கெமோமில் குடிக்க வேண்டும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இன்னும் மோசம்: கருத்தடை மாத்திரை, மனச்சோர்வு மருந்து எனப் பலவற்றோடு மோதும். கனவுக்கு என்று சொல்லப்படும் மக்வார்ட், நம் மாசிபத்திரியின் இனத்தது. கருவுற்றவர்கள் தொடவே வேண்டாம். பென்னிராயல் என்ற புதினா வகைச் செடியின் எண்ணெய் ஈரலைக் கெடுத்து உயிரையே எடுக்கும். சூனியக்காரிகளின் செடி என்று கதைகளில் வரும் பெல்லடோனா, ஹென்பேன், ஊமத்தை மூன்றும் கடும் விஷம். குறியீடாகக்கூட வீட்டுக்குள் வேண்டாம்.

ஒரு பொது விதி: ஒருமுறை கூடப் பிழைக்காமல் அடையாளம் காணத் தெரியாத செடியைக் காட்டிலிருந்து பறிக்காதீர்கள். ஹெம்லாக்கும் காட்டுக் கேரட்டும் ஒரே குடும்பம், பூவும் குடை குடையாக ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று கொல்லும்.

எண்ணெயில் ஊறவைப்பதானால் நன்கு உலர்ந்த இலை மட்டும். பச்சை இலையின் நீர் எண்ணெய்க்கு அடியில் காற்றில்லாமல் அடைபட்டால் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சைச் செய்யும் கிருமி அங்கே வளர வழி உண்டு. புட்டியில் பாதி இலை, இலைக்கு மேல் இரண்டு விரல் உயரம் ஆலிவ் எண்ணெய், நான்கு முதல் ஆறு வாரம், பிறகு துணியில் வடிகட்டல். இது தடவ மட்டும், சாப்பிட அல்ல. கடையில் விற்கும் வடித்தெடுத்த நறுமண எண்ணெய் வேறு சரக்கு; அதை வேறு எண்ணெயில் கலந்து வீரியத்தைக் குறைக்காமல் தோலில் தடவக்கூடாது, விழுங்கக்கூடாது. பூனை இருக்கும் வீட்டில் டீ ட்ரீ எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

பௌர்ணமி: புகையும் வட்டமும்

ரோஸ்மேரிக் கட்டுக்கு 15 சென்டிமீட்டர் தண்டுகள் எட்டுப் பத்து போதும். பெருவிரல் கனத்துக்கு மேல் கட்டினால் வெளியே காய்ந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும். நூல் சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். நைலான் உருகிச் சொட்டும். காயும்போது தண்டு சுருங்கும், ஒரு வாரம் கழித்து நூலை இறுக்குங்கள். முதல் வாரமே கட்டி வைத்தால்தான் பௌர்ணமிக்குத் தயாராகும்.

நுனியைக் கொளுத்தி, பத்து நொடி எரியவிட்டு, கையால் விசிறி அணைத்தால் புகை எழும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, கூண்டுப் பறவை இருக்கும் அறையில் செய்யாதீர்கள்; பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. அவர்களுக்கு விளக்குமாறு இருக்கிறது: உள்ளிருந்து வாசல் பக்கமாகப் பெருக்குவது, புகைக்குச் சமமான பழைய தூய்மைச் சடங்கு. முடிந்ததும் நுனியை மணலில் குத்தி அழுத்துங்கள். பதினைந்து நிமிடம் கழித்து நடுத்தண்டைத் தொட்டுப் பாருங்கள். வெளியே சாம்பலாக இருந்தாலும் உள்ளே கங்கு ஒளிந்திருக்கும்.

பௌர்ணமிச் சடங்கை எஸ்பாட் என்பார்கள். மரபில் வட்டம் 9 அடி விட்டம்; கையை நீட்டிச் சுற்றும் அளவு இடம் இருந்தாலே போதும். பௌர்ணமிக்கு முந்தின நாளோ மறுநாளோ செய்தாலும் குறையில்லை. வானம் மூடியிருந்தாலும் செய்யலாம், நிலா அங்கேதான் இருக்கிறது.

முதலில் பத்து நிமிடத் தரையூன்றல். பிறகு கிழக்கில் தொடங்கி, விரலை இடுப்பு உயரத்தில் வெளிப்பக்கமாக நீட்டி, வலஞ்சுழியாக மெதுவாக ஒரு சுற்று. ஒளிக் கோடு ஒன்று பின்னால் நீள்வதாக நினையுங்கள். தொடங்கிய இடத்தில் வந்து நின்று, 'வட்டம் இடப்பட்டது' என்று சொல்லுங்கள். நான்கு திசைக்கும் திரும்பி அந்தந்தப் பூதத்தை உங்கள் சொற்களிலேயே வரவேற்கலாம். நடுவில் உட்கார்ந்து, விக்காவின் தேவியும் கொம்புடைய தேவனும் உங்களுக்கு அர்த்தமுள்ளவர்களானால் அவர்களைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் நிலாவைப் பாருங்கள். இரண்டு விதமாகவும் செய்கிறவர்கள் உண்டு.

முடிக்கும்போது ஒரு துண்டு ரொட்டியும் ஒரு மிடறு பானமும். இதை உபசாரத்துக்கு என்று நினைத்துத் தவிர்க்கிறார்கள். உடம்பைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவரச் சாப்பிடுவதைப் போல எதுவும் இல்லை. பிறகு திசைகளுக்கு நன்றி சொல்லி, இடஞ்சுழியாக ஒரு சுற்று வந்து வட்டத்தைக் கலையுங்கள். புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, கலைக்காமல் எழுந்து போவது. அன்றிரவு தூக்கம் வராமல் புரண்டேன் என்று நோட்டில் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ரொட்டி சாப்பிட்டீர்களா, வட்டத்தைக் கலைத்தீர்களா என்பதைத்தான்.

தேய்பிறை: முதல் ஸ்பெல்லும் அறமும்

1964-ல் ஒரு உரையில் டோரீன் வேலியன்டே சொன்ன எட்டுச் சொல் வரி விக்காவின் ரீட், அதாவது அறிவுரை, என்று நிலைத்தது: யாருக்கும் தீங்கில்லையென்றால் விரும்பியதைச் செய். பலர் இதன் இரண்டாம் பாதியை மட்டும் படிக்கிறார்கள். 'யாருக்கும்' என்பதில் நீங்களும் அடக்கம். மும்மடங்கு விதி என்று இன்னொன்று சொல்வார்கள், அனுப்புவது மூன்று மடங்காகத் திரும்பும் என்று. 1949-ல் கார்ட்னர் எழுதிய நாவலில் அதன் முன்வடிவம் இருக்கிறது. அங்கே அது பெற்ற நன்மையை மும்மடங்காகத் திருப்பிக் கொடு என்ற கடமை. பயமுறுத்தலை விட இது எவ்வளவோ மேல். பேகன் வழிகள் எல்லாவற்றுக்கும் ரீட் பொருந்தாது. ஹீத்தன்களுக்கும் ட்ரூயிட்களுக்கும் வேறு அறநெறிகள் உண்டு.

நடைமுறையில் ரீட் மூன்று கேள்வியாக மாறும். இதில் வேறொருவர் பெயர் வருகிறதா, அவர் சம்மதித்தாரா? இது நடந்தால் யாருக்கு நஷ்டம்? இதற்காக நாளையே கையால் என்ன செய்யப் போகிறேன்?

'அவர் என்னைக் காதலிக்க வேண்டும்' என்ற வரியை வையுங்கள். முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். 'அந்த வேலை எனக்கே கிடைக்க வேண்டும், மற்றவர்கள் சொதப்ப வேண்டும்' இரண்டாவதில் விழும். 'நேர்காணலில் பதறாமல் பேச வேண்டும்' மூன்றையும் தாண்டும், நாளை செய்ய வேண்டியதும் தெரியும்: கண்ணாடி முன் பதில்களைச் சொல்லிப் பார்ப்பது. நோயாளிக்காகச் செய்வதானாலும் கேளுங்கள். 'உங்களுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றலாமா?' என்று கேட்க ஒரு நிமிடம் ஆகாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தேய்பிறை விடுவதற்கான காலம் என்பது மரபு. அதனால் முதல் ஸ்பெல் உங்கள் பழக்கம் ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும். வேறு யார் சம்மதமும் தேவைப்படாது.

1. ஒரே வரி எழுதுங்கள். 'படுக்கையில் செல்பேசி பார்ப்பதை விடுகிறேன்.' 'இனிமேல் ஒருபோதும்' என்ற சொற்கள் வேண்டாம்; முதல் தவறிலேயே எல்லாம் உடைந்துவிடும்.

2. 10 சென்டிமீட்டர் உயரமுள்ள மெல்லிய மெழுகுவத்தி ஒன்று. முழுதும் எரிய இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அவ்வளவு நேரம் அறையில் இருப்பீர்களா என்று முன்கூட்டியே பாருங்கள்.

3. தரையூன்றி, வட்டம் இட்டு, வரியை மூன்று முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். காகிதத்தை எரிக்க ஆசையிருந்தால் பெருவிரல் அகலத் துண்டு போதும், உலோகக் கிண்ணத்துக்குள், பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரோடு. கிழித்து நீரில் ஊறவைப்பதும் அதே வேலையைச் செய்யும்.

4. வட்டத்தைக் கலைத்த கையோடு உலகச் செயல் ஒன்று: செல்பேசி சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து பிடுங்கி வேறு அறையில் மாட்டுங்கள். இந்த நான்காவது படி இல்லாத ஸ்பெல்லை எழுதவே எழுதாதீர்கள்.

மிச்சத்தை எங்கே போடுவது? மெழுகு குப்பைக்கு. மண்ணில் புதைத்தால் எளிதில் மக்காது. உப்பை மண்ணில் கொட்டினால் அந்த இடத்துச் செடி கருகும். மரத்தில் நைலான் நாடா கட்டாதீர்கள், கிளை பருக்கும்போது அறுக்கும். காட்டில் காணிக்கை வைப்பதானால் தண்ணீரே நல்லது. மரத்தடியைச் சுற்றிக் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுத்து வருவது அதனினும் நல்லது.

குழுவில் சேர நினைப்பவர்களுக்கு: கோவன் என்ற சிறு குழுக்கள் பல நல்லவை. தீட்சைக்குப் பெருந்தொகை கேட்டாலும், உடலுறவை நிபந்தனையாக வைத்தாலும், வீட்டாரிடம் பேசாதே என்றாலும், கேள்வி கேட்டால் 'இன்னும் பக்குவமில்லை' என்று வாயை அடைத்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அடுத்த அமாவாசை

அன்று புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் விட்டுவைத்த வெற்றிடத்தில் பிறகு என்ன நடந்தது என்று வேறு நிற மையில் எழுதுங்கள். ஒன்றும் நடக்கவில்லையென்றால் 'ஒன்றும் இல்லை' என்றே எழுதுங்கள். அப்படி நிறைய பக்கம் வரும். எந்த நேரத்தில் உட்கார்ந்தபோது எளிதாக இருந்தது, எந்த மூலிகைக்குத் தும்மல் வந்தது, எந்த வரியைச் சொல்லும்போது குரல் உள்ளே போனது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சாபட் என்னும் எட்டுப் பண்டிகைகளில் அடுத்து வருவது எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றான சாம்ஹேன் வட கோளத்தில் அக்டோபர் 31, தெற்கில் ஏப்ரல் கடைசி.

விட்டுப்போன நாள்களின் பக்கத்தை ஞாபகத்திலிருந்து நிரப்பாதீர்கள். தேதியும் பிறையும் மட்டும் எழுதி, மிச்சத்தைக் காலியாக விடுங்கள்.